பாடு வைத்துப் பகிர்க!

கொருக்குப்பேட்டையில் தொடர்வண்டி ஏறிப் பொன்னேரியில் இறங்குவார்க்குப் பழவேற்காடு நெடுந்தொலைவன்று. ஆலைப் புகையிலும் கிடங்கு இருளிலும் உழல்கின்ற வடசென்னைத் தொழிலாளர்க்கு ஒருநாள் ஓய்வளிக்க வல்லது அவ்வூர். உவர்நீர் ஏரியும், குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளும், ஒல்லாந்தர் கல்லறைகளும் காண்பாரை ஈர்க்கின்றன. ஆயின், வருவோர் பெருகப் பெருக வருவாய் எவர் கைக்குச் சேரும்?

2011 திசம்பர் 25 அன்று அங்குச் சுற்றுலா வந்தோர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதன்பின் சுற்றுலாப் படகோட்டம் தடைசெய்யப்பட்டது. தடை உயிரைக் காக்கும், அடுப்பை எரிக்குமா?

விடை அம்மீனவரிடமே உண்டு. ஏரியில் வலைவிரிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிரும் அவர்தம் பழைய ஒழுங்கின் பெயர் 'பாடு'. இன்று ஒருவர்க்கு வாய்த்த நல்லிடம் நாளை மற்றொருவர்க்கு. எவரும் அதனைத் தமக்கே உரியதாக்கிக் கொள்ளவியலாது. பாட்டுரிமை பெறாத குடிகளும் ஆங்கு உண்டு. அக்குறையை நீக்கி, அம்முறையையே சுற்றுலாவுக்கும் ஆக்குக! உயிர்காப்புச் சட்டையும் ஏற்றும் அளவும் வரையறுத்த படகோட்டம், வழிகாட்டல், மீன்சோறு, பெண்டிர் முடையும் பனையோலைக் கூடை ஆகிய யாவும் ஊரார் கூட்டுறவில் முறைவைத்து நடக்கட்டும்.

வெளியார் விடுதி கட்டி, மண்ணின் மக்கள் அதில் ஏவல் செய்வது வளர்ச்சியன்று, அடிமைத்தனமே! ஆட்சியாளர் பழவேற்காட்டில் விடுதிக்கு இடம் தேடுமுன், பாட்டுக்கு இடம் தருக!