பறக்காத நாளுக்குச் சம்பளம் உண்டா?



வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்காகப் பெற்றோர் கடன் வாங்குவதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். பயிற்சியின்போது பக்கத்து இருக்கையில் இருக்கும் பயிற்றுநரின் வரும்படியை யாரும் கேட்பதில்லை. பல பயிற்சிப் பள்ளிகளில் பறந்த மணி நேரத்துக்குத்தான் கூலி. மழை, மூடுபனி என்றால், செல்லூர்த் தறிக்காரருக்குக் கரண்ட் போன நாள் மாதிரிதான். இறங்கிய பிறகு மாணவருக்குத் தவறுகளை விளக்கும் நேரம்? அது பெரும்பாலும் கணக்கிலேயே வராது.

வேலையோ ஆபத்தானது: 2023 அக்டோபரில் பாராமதியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு பயிற்சி விமானங்கள் விழுந்தன.

அலுப்பைக் குறைக்க, விமான நிறுவன விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக்கி 2024 ஜனவரியில் விதி வந்தது. பயிற்றுநரின் அலுப்பு மட்டும் இளப்பமா? இது நமக்குத் தொலைவான விஷயமும் அல்ல: சேலம் விமான நிலையத்திலும் பயிற்சிப் பள்ளிக்கு 2022-ல் இடம் ஒதுக்கினார்கள். பள்ளிகளிடம் ராயல்டி வாங்குவதையே விட்டுவிட்ட விமான நிலைய ஆணையம், பதிலுக்கு அடிப்படை மாதச் சம்பளத்தை நிபந்தனையாக்கலாமே.

- ஒரு வாசகர், செல்லூர், மதுரை