ஸ்கெலட்டன் செல்லாத முகவரியாம்!

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. ஆணி புடுங்கி முடித்து வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரை மூடப் போகும்போது தம்பி போன் பண்ணினான். அப்பாவுக்கு மூச்சு வாங்கல் அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். இருபத்தைந்து வருஷம் சுரங்கத்துக்குள் பாறைத் தூசியைக் குடித்த நுரையீரல். உடனே பணம் கட்டணும். 'அனுப்புறேன், வை' என்று சொல்லிவிட்டு, பணம் அனுப்பும் தளம் ஒன்றைத் திறந்தேன். பேர் வேண்டாம். எல்லாத் தளமும் ஏறக்குறைய அதே லட்சணம்தான்.

முதல் சிவப்பு எழுத்து: 'குடும்பப் பெயர் கட்டாயம்'. அப்பாவுக்கு ஒரே பெயர். முன்னால் ஒரு இனிஷியல், அதற்குப் பின்னால் புள்ளி. இனிஷியலைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டேன். 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்'. வெறுத்துப் போய் அப்பா பெயரையே இரண்டு தடவை போட்டேன். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது, முகவரி. ஸ்கெலட்டன், கோலார் தங்கவயல். 'சரியான முகவரியை உள்ளிடவும்'. எலும்புக்கூடு என்று எவனோ விளையாடுகிறான் என நினைத்துவிட்டது போல. ஸ்கெலட்டனை எடுத்துவிட்டு வெறும் கே.ஜி.எஃப். என்று போட்டதும் போனது. நான் பிறந்து வளர்ந்த இடத்தை அழித்தால்தான் நான் செல்லுபடி!

மூன்றாவது வந்தது திங்கட்கிழமை. பெறுபவர் பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பொருந்தவில்லை, பணம் நிறுத்திவைப்பு. அதற்குள் தம்பி பெண்டாட்டி கம்மலை அடகு வைத்துவிட்டான். தங்கவயல்காரன் வீட்டுத் தங்கம் சேட்டுக் கடைக்குப் போனது, ஒரு கட்டத்துக்குள் இருந்த முட்டாள்தனமான விதியால்.

அப்பா இப்போ வீட்டில் இருக்கிறார், பரவாயில்லை. அதனால்தான் உட்கார்ந்து திட்ட முடிகிறது. ஆனால் யாரைத் திட்டுவது? இங்கேதான் எனக்கு வலித்தது. பல வருஷத்துக்கு முன்னால், வேறொரு வேலையில், 'குடும்பப் பெயர், குறைந்தது இரண்டு எழுத்து, ஆங்கில எழுத்து மட்டும்' என்ற அதே விதியை எழுதியவன் நானே. எங்கிருந்தோ சுட்டு ஒட்டினேன். டேமேஜர் பார்த்தார், டெஸ்டர் பார்த்தார், பச்சை விளக்கு எரிந்தது. எத்தனை பேர் வீட்டுக் கம்மல் போனதோ.

ஆகவே பொட்டி தட்டும் என் இனமே, இந்தப் பதிவு உனக்குத்தான். வெப் சர்வீஸ் ஏ.பி.ஐ.க்குக் கேள்விக்குறிக்குப் பின்னால் பாராமீட்டர்களைக் கோர்ப்பதும் சரிபார்ப்பதும் ஃப்ரெஷர் பையன் தலையில் கட்டும் சில்லறை வேலை என்று நினைக்கிறோம். வாசலில் நின்று யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்கிற வேலையய்யா அது.

கோர்ப்பதில் செய்யும் பாவங்கள்

சரத்தோடு சரத்தை ஒட்டி யூ.ஆர்.எல். கட்டுகிறோமே, அதுதான் முதல் பாவம். தம்பி போன் நம்பர் கூட்டல் குறி, 91 என்று தொடங்கும். ஃபார்ம் அனுப்பும் முறையில் கூட்டல் குறிக்கு 'இடைவெளி' என்று அர்த்தம். அதைக் குறியேற்றாமல் அப்படியே ஒட்டினால், மறுமுனையில் கூட்டல் காணாமல் போய் ஒரு வெற்றிடமும் 91ம் வந்து நிற்கும். 'தவறான எண்' என்று பயனரைத் திட்டும். தப்பு யார் மேல்?

இதற்குப் பயந்து இரண்டு தடவை குறியேற்றுகிறவன் இன்னொரு ரகம். இடைவெளி %20 ஆகி, அந்த சதவீதக் குறியே மறுபடி குறியேறி %2520 ஆகும். எதை எப்படிக் குறியேற்ற வேண்டும் என்று ஆர்.எஃப்.சி. 3986 சொல்லி வைத்தது 2005ல். எந்த மொழியிலும் இதற்கென்று நூலகம் உண்டு. ஒவ்வொரு மதிப்பையும் ஒரே ஒரு தடவை, கோர்க்கும் இடத்தில் குறியேற்று. அவ்வளவுதான் வித்தை.

தமிழ் என்றால் தப்பா?

'கோலார்' என்று எழுதிப் பாருங்கள். உங்களுக்கும் எனக்கும் மூன்று எழுத்து. யூனிகோடில் 6 குறியெண்கள். யூ.டி.எஃப்.-8ல் 18 பைட். யூ.ஆர்.எல்.லில் குறியேற்றினால் 54 இடம். 'அதிகபட்சம் 30' என்று விதி எழுதிய புண்ணியவானே, முப்பது எது? எழுத்தா, பைட்டா, சதவீதக் குறிகளோடு சேர்த்தா? குறியேற்றிய பிறகு நீளத்தை அளந்தால் எங்கள் மாவட்டத்தின் பெயரே உள்ளே வராது.

'எழுத்துகளை மட்டும் அனுமதி' என்று எழுதுகிறவன் தன்னைப் பெரிய உலகளாவியவன் என்று நினைத்துக்கொள்கிறான். ஜாவாஸ்கிரிப்டில் 'சொல் எழுத்து' என்ற சுருக்கக் குறிக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே தெரியும். சரி, யூனிகோடு 'எழுத்து' வகையைப் போட்டாலும் போதாது. நம் புள்ளியும் காலும் கொம்பும் அந்த வகையில் இல்லை, 'குறி' என்ற தனி வகையில் இருக்கின்றன. மற்றதை எல்லாம் வழித்தெடுத்துவிட்டால் 'கோலார்' என்பது 'கலர' ஆகும். எழுத்தோடு குறியையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும்.

இன்னொன்று. 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு வேறு. தேடினால் கிடைக்காது. வாசலிலேயே என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடணும்.

'பாதுகாப்புக்காகத்தான் பாஸ்!'

புள்ளி கூடாது, மேற்கோள் குறி கூடாது என்பதற்குச் சொல்லும் சாக்கு இது. எங்கள் ஊரில் ஆங்கிலோ இந்தியர்கள் நிறைய. டி'சூசாக்கள் எல்லாம் டேட்டாபேஸை உடைக்க வந்தவர்களா? எஸ்.க்யூ.எல். ஊடுருவலைத் தடுப்பது பாராமீட்டர் பிணைத்த வினவல். பெயரில் உள்ள ஒற்றைக் குறியைத் தடை செய்வது உன் ஓட்டை வீட்டுக்குப் பூட்டாகாது. 1996ல் ஏ.ஓ.எல். வடிகட்டி, ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருக்கிறது என்று இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களைக் கணக்கே தொடங்க விடவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஸ்கெலட்டன்காரனுக்கு அதே மரியாதை. பெயர்களைப் பற்றி புரோகிராமர்கள் நம்பும் பொய்களைப் பேட்ரிக் மெக்கென்சி 2010லேயே பட்டியல் போட்டார். படித்தோம், சிரித்தோம், அதே விதியை மறுபடி எழுதினோம்.

அப்போ எதையும் சரிபார்க்கக் கூடாதா?

இதைத்தான் கேட்பீர்கள். இல்லை சாமி. நான் அதற்கும் எதிரிதான். வருவதைத் தாராளமாக ஏற்றுக்கொள் என்று ஜான் போஸ்டல் 1980ல் ஆர்.எஃப்.சி. 761ல் எழுதி வைத்ததைப் பிடித்துக்கொண்டு, எது வந்தாலும் தானாகத் திருத்தி விழுங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தாராளம் நாளடைவில் பிழைகளையே வழக்கமாக்கிவிடும் என்று 2023ல் வந்த ஆர்.எஃப்.சி. 9413 எச்சரிக்கிறது.

உதாரணம் ஊரிலிருந்தே தருகிறேன். கே.ஜி.எஃப். சுரங்கம் மூடப்பட்டது 28/02/2001. அமெரிக்க முறையில் படிக்கும் ஏ.பி.ஐ.க்கு 28வது மாசம் இல்லை, பிழை சொல்லும். நல்லது. அதற்கு மறுநாளை 01/03/2001 என்று கொடுங்கள். சத்தமில்லாமல் ஜனவரி 3 என்று எடுத்துக்கொள்ளும். மூடும் முன்னாலேயே மூடிய பிந்தைய நாள்! இதில் எது ஆபத்து? கத்தியதா, கத்தாததா? ஆண்டு, மாதம், நாள் என்ற ஐ.எஸ்.ஓ. 8601 வரிசை ஒன்றையே கேள், மற்றதை மறு.

அதே மாதிரி ஒரே பாராமீட்டர் இரண்டு தடவை வந்தால்? பி.எச்.பி. கடைசியை எடுக்கும், ஜாவா சர்வ்லெட்டில் வழக்கமாக முதலாவது கிடைக்கும், ஏ.எஸ்.பி. டாட் நெட் கமா போட்டு ஒட்டும். வாசலில் நிற்கிறவன் ஒன்றைப் பார்க்க, உள்ளே இருப்பவன் வேறொன்றைப் பார்த்தால் திருடனுக்குக் கொண்டாட்டம். தெரியாத பாராமீட்டரை 'போனா போகுது' என்று விடுவதும் அப்படியே. வடிகட்டியின் பெயரில் ஒரு எழுத்து பிசகினால் வடிகட்டி இல்லாமல் மொத்தமும் வரும். அது அழிக்கும் கட்டளையாக இருந்தால் மொத்தமும் போகும்.

அப்பா ஒரு விஷயம் சொல்வார். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். மேலே வைண்டிங் இன்ஜின் ஓட்டுகிறவருக்குக் கூண்டு கண்ணில் படாது. மணிதான் பேச்சு. நிற்கும் கூண்டுக்கு ஒரு மணி என்றால் மேலே தூக்கு. ஓடும் கூண்டுக்கு அதே ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறப்போகிறது. மேலிருந்து பதில் மணி மூன்று வந்த பிறகுதான் கால் வைக்கணும். மணி புரியவில்லை என்றால்? 'இதைத்தான் சொல்லியிருப்பான்னு நெனச்சி லீவரைத் தொடக் கூடாதுப்பா. மறுபடி கேக்கணும். உள்ள இருக்கறது மனுசன்.'

சரிபார்ப்புக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சைகை சரியா என்று கறாராகப் பார். ஊகிக்காதே. புரிந்ததைத் திருப்பிச் சொல். எந்தப் பாராமீட்டர், என்ன வந்தது, என்ன வேண்டும் என்று 400ஓடு சேர்த்துச் சொல், அதற்கும் ஆர்.எஃப்.சி. 9457 என்று வடிவம் இருக்கிறது. ஆனால் மணியடிக்கிறவனுக்கு எத்தனை பெயர், எந்த லைன் வீடு என்று அந்த இன்ஜின் டிரைவர் கேட்டதில்லை. அது அவர் வேலைக்குத் தேவையில்லாத கேள்வி.

என் கட்சி இவ்வளவுதான். தேதி, தொகை, நம்பர், கணக்கு எண்: கறாராக இரு. பெயர், ஊர்: காலியாக இல்லையா, அளவுக்கு மீறவில்லையா என்று பார், அப்படியே வாங்கிக்கொள். இரண்டையும் தலைகீழாக அல்லவா செய்துகொண்டிருக்கிறோம்! தேதியைக் குழப்பமாக விழுங்குகிறோம், மனிதனைத் துப்புகிறோம்.

1930ல் எங்கள் தாத்தாக்கள் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்க வேலையை நிறுத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலிகள். பதிவேடு மனிதனுக்காகவா, மனிதன் பதிவேட்டுக்காகவா என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது. படித்துவிட்டு ஜெர்சியில் உட்கார்ந்து பொட்டி தட்டும் பேரன் அதைக் கேட்காமல் சிவப்பு எழுத்து எழுதிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை எங்கள் குழுவின் குறிமுறையில் தேடினேன். 'குறைந்தது இரண்டு எழுத்து' நாலு இடத்தில் இருந்தது. எடுத்துவிட்டேன். உங்கள் கம்பெனியில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று நாளைக்கு முதல் ஆணியாக அதைப் புடுங்குங்கள்.

டிஸ்கி: எங்கள் ஜிப்கோடு 0 வில் தொடங்கும். அதை எண்ணாக மாற்றி அந்தப் பூஜ்யத்தை முழுங்குகிற புண்ணியவான்களுக்குத் தனிப் பதிவு உண்டு. :)