வலிய கப்பித்தான்

கூலி கொடுப்பவருக்குப் பணியாளரின் உழைப்புக் கிடைக்கும். உள்ளமும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. தன் உணர்ச்சியை அடக்கி ஆண்டு, பிறர் உணர்ச்சியை அறிந்து நடக்கும் ஆற்றல் உடையவரே பணியாளரின் உள்ளத்தைப் பெறுவர். இவ்வாற்றலை உணர்வு நுண்ணறிவு என்பர் உளநூலார். சலோவி, மேயர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1990ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து விளக்கினர். பெயர் புதிது, பொருள் பழையது. குமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே உள்ள உதயகிரிக் கோட்டை அதற்குச் சான்றாக நிற்கிறது.

1741ஆம் ஆண்டில் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர் படை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றது. சிறைப்பட்டவருள் டிலனாய் என்பவரும் ஒருவர். முப்பது வயதும் நிரம்பாதவர். நாட்டுக்குள் படையெடுத்து வந்த பகைவர்மீது சினம் எழுவது இயல்பே. மன்னரோ சினத்தை ஒதுக்கிவிட்டு, அவ்வீரரின் திறமையை நோக்கினார். தம் வீரர் சிலருக்கு ஐரோப்பிய முறையில் போர்ப்பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். தோல்வியுற்ற வீரனுக்கு உணவினும் இனியது, இழந்த மதிப்பைத் திரும்பப் பெறுதல் அன்றோ? டிலனாய் படிப்படியாக உயர்ந்து படைத்தலைவரானார். 'வலிய கப்பித்தான்' என்று மக்கள் அவரை அழைத்தனர். உதயகிரியும் வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் வலிமை பெற்றன. அவர் தம் சமயநெறிப்படி வழிபடுவதற்குக் கோட்டைக்குள்ளேயே ஒரு கோயிலும் எழுந்தது.

மார்த்தாண்ட வர்மர் மென்மையே உருவானவர் அல்லர். உள்நாட்டில் அவரை எதிர்த்தவர்கள் அவர் கையின் கடுமையை நன்கு அறிவார்கள். ஆகவே, சிறைப்பட்டவர் அச்சத்தால் பணிந்தார் என்று சிலர் கூறலாம். ஆனால், மன்னர் 1758ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவருக்குப்பின் அரசேற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மரிடம் டிலனாய் மேலும் பத்தொன்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். அச்சம் அவ்வளவு நெடுங்காலம் உழைக்குமா?

இக்காலத்து முதலாளிகள் சிலர் இதனைத் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். கூலியைக் குறைத்துவிட்டு அதற்கு ஈடாக இன்சொல் வழங்குவது உணர்வறிவு அன்று, ஏய்ப்பு. இம்மாவட்டத்து முந்திரி ஆலைகளில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களை ஓட்டின் எண்ணெய் புண்ணாக்கும். அவ்விரல்களைக் காண்பவர் முதலில் கைக்குக் காப்பும் உழைப்புக்கு உரிய ஊதியமும் அளிக்கட்டும். முழுப்பருப்பு உடையாமல் எடுக்கும் அவர்தம் கைத்திறனைப் பாராட்டுவது அதன்பின் பொருந்தும்.

டிலனாய் 1777ஆம் ஆண்டில் உதயகிரியிலேயே உயிர்நீத்தார். அவர் மனைவியும் மகனும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவரது கல்லறையில் இலத்தீன் மொழியிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.