காய்க்கு மில்லிமீட்டர் கணக்கு, மருந்தடிக்கிறவருக்கு?

எங்க போடியில ஏலக்காய் ஏலம் பாத்திருக்கீங்களா? 7 மி.மீ., 8 மி.மீ.னு சலிச்சு, தரம் பிரிச்சு, கம்ப்யூட்டர்ல விலை ஏத்துவாங்க. காய்க்கு அவ்ளோ கணக்கு. அந்தச் செடிக்கு மருந்தடிக்கிறவரோட ரத்தத்துக்கு என்ன கணக்கு இருக்குங்கறதுதான் என் கேள்வி.

மருந்துன்னா ஆர்கனோபாஸ்பேட் மாதிரி விஷம். உடம்புல கோலினெஸ்டரேஸ்ங்கற நொதியை முடக்கிடும். முத்திப்போனா மூச்சே நின்னுடும். சிகிச்சை அட்ரோபின், கூடவே பிராலிடாக்சிம்.

இந்த ரெண்டாவது மருந்துலதான் வில்லங்கம். மகாராஷ்டிராவுல பாராமதின்னு ஒரு ஊர். அங்க விஷம் குடிச்சு வந்த 200 பேரை வெச்சு ஒரு ஆய்வு. அதிக அளவுல தொடர்ந்து ஏத்தினா சாவு குறையுதுன்னு 2006ல லான்செட்ல வந்துச்சு. 2009ல இலங்கையில 235 பேர்கிட்ட வேற அளவுல கொடுத்துப் பாத்தாங்க, பலன் தெரியல. யாரும் பொய் சொல்லலைங்க. விஷம் வேற, டோஸ் வேற, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ற நேரம் வேற. சரி, மலைமேல இருந்து ஜீப்புல இறக்கிட்டு வர்ற எங்காளுக்கு எது சரி? அதை இங்கதான் சோதிக்கணும்.

பாராமதி ஒண்ணும் லண்டன் இல்ல, போடி மாதிரி ஒரு தாலுகா ஊர்தான்.

"ஆராய்ச்சின்னா வெள்ளைக்காரன் நம்மளை எலியாக்குறது"ன்னு ஒரு கோபம் உண்டு. கம்பெனிக்காரன் கேள்விக்கு நாம உடம்பு கொடுக்கற இடத்துல அது நியாயமான கோபம். ஆனா 1956ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச காசநோய் மையத்தைப் பாருங்க. பிரிட்டிஷ்காரங்களும் கூட இருந்தாங்க, ஆனா கேள்வி நம்மளோடது: படுக்கை பத்தல, வீட்டுலயே வெச்சு மருந்து கொடுத்தா போதுமா? 193 நோயாளிகள். போதும்னு 1959ல பதில் வந்துச்சு. உலகமே சானடோரியத்தை மூட ஆரம்பிச்சதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். வந்தவங்க போனாங்க, மையம் இன்னும் சேத்துப்பட்டுல இருக்கு. எனக்கு அதுதான் முக்கியம்.

தேனிக்கும் மெடிக்கல் காலேஜ் இருக்கு, க.விலக்குல. மருந்தடிக்கிற சீசனுக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை, பின்னாடி ஒண்ணு. பயிற்சி எடுத்த நர்ஸ் ரெண்டு பேர், ஒழுங்கான பதிவேடு. முதல்ல இவ்ளோதான். லாக் எழுதாத சர்வர்ல பக் தேடுறது என்ன பாடுன்னு ஆணி புடுங்குறவங்களுக்குத் தெரியும். இங்க இன்னொரு சிக்கல், வேலை இடுக்கியில, வீடு போடியில. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா. ரெண்டு மாநில ரெஜிஸ்டரும் ஒண்ணா பேசலைன்னா பாதி கேஸ் காணாமப் போயிடும்.

காசு யார் கொடுக்கறதுன்னு சண்டை வரும். வரட்டும். ஏலத்துல போற காய்ல கிலோவுக்குச் சில பைசா பிடிச்சாலே ஆரம்பிச்சுடலாம்ங்கறது என் கட்சி.