பதினாறு கப்பும் ஒரு டம்ளரும்

போன மாசம் சென்னையில மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். புது ஃபிளாட். பால் காய்ச்சினப்ப இங்க கரும்பு வெட்டு, ஒரே நாள்ல போயிட்டு ஓடி வந்துட்டேன். இப்பத்தான் நாலு நாள் ஒழிஞ்சது. பையைக் கீழ வைக்கிறதுக்குள்ள மாப்பிள்ளை, "மாமா, வாங்க, நம்ம பாரைப் பாருங்க"ன்னார். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. 2024 ஜூன்ல நடந்த கள்ளச்சாராயச் சாவுக்கு அப்புறம் கள்ளக்குறிச்சிக்காரன்னு சொன்னாலே பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் ஒரு தினுசா பார்க்கிறார். இதுல வீட்டுக்குள்ளயே பாரா?

அப்புறம்தான் தெரிஞ்சது, காபி பார். ஹால்ல ஒரு மூலை. ஆசாரிக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்து அலமாரி, மேல வெள்ளைக் கல், கல்லுக்கு மேல வரிசையா லைட்டு. ஒரு மெஷின், கொட்டை அரைக்க இன்னொரு மெஷின். பலகையில கொக்கி அடிச்சு பதினாறு கப்பு தொங்குது. ஒவ்வொண்ணும் ஒரு நிறம்.

நான் காபிக்கு எதிரி இல்லீங்க. எங்க வீட்டுல விடியக்காலம் அஞ்சு மணிக்குப் பால் பீச்சினதும் முதல் வேலை காபிதான். பால் சொசைட்டிக்குப் போற நாள்ல வரக்காப்பி. மாப்பிள்ளை போட்டுக் கொடுத்ததும் நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நம்ம ஃபில்டர்ல தண்ணி தன்னால சொட்டுச் சொட்டா இறங்க கால் மணி நேரம் ஆகும். அந்த மெஷின் அழுத்திப் பிழிஞ்சு அரை நிமிஷத்துல கொடுத்துடுது.

ஆனா அந்த மூலையை யோசிச்சவர் ஒரு நாளாவது காபி போட்டிருப்பாரான்னு சந்தேகம். பக்கத்துல குழாய் இல்ல. தண்ணி பிடிக்க அடுப்படிக்கு நடக்கணும், சக்கையைக் கொட்ட அடுப்படிக்கு நடக்கணும், கப்பு கழுவ அடுப்படிக்கு நடக்கணும். பால் ஃபிரிட்ஜ்ல, அதுவும் அடுப்படியில. தூளையும் கொட்டையையும் அழகுக்காகக் கண்ணாடி ஜாடியில போட்டு, நேரா லைட்டுக்குக் கீழ வச்சிருக்காங்க. வெளிச்சமும் சூடும் காத்தும் படப்பட வாசம் போயிடும்னு எங்க ஊர் மளிகைக்கடைக்காரரைக் கேட்டாலே சொல்வார். வீட்டுல காபிக்கு இடம் ஒதுக்கப் போறவங்க இதை மட்டும் கேட்டுக்குங்க: குழாய்ப் பக்கம் வைங்க, அடுப்புச் சூடு படாம வைங்க, தூளைக் கொஞ்சமா வாங்கி இறுக மூடுற டப்பாவுல போடுங்க, மெஷினுக்குக் கனமான பிளக் பாயிண்டு தனியா போட்டுக்குங்க. பாக்கெட்டைத் திருப்பியும் படிங்க. சிக்கரி கலந்த தூள்ல காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாதுன்னு விதி. அப்படின்னா 49 வரைக்கும் சிக்கரி இருந்தாலும் அது சட்டப்படி சரிதான்.

இதோட நிறுத்தியிருந்தா இது கிழவன் புலம்பல். மறுநாள் காலையில நடந்ததுக்காகத்தான் எழுதறேன்.

எட்டு மணிக்கு வீட்டு வேலைக்கு ஒரு அம்மா வந்தாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பேச்சை வச்சே எங்க பக்கம்னு தெரிஞ்சது, கேட்டா சங்கராபுரம் பக்கத்துல ஊராம். பாத்திரம் கழுவினாங்க, வீடு துடைச்சாங்க. முதல் நாள் ராத்திரி கூட்டாளிங்க வந்து குடிச்சுட்டுப் போன கப்பை எல்லாம் ஒவ்வொண்ணாக் கழுவித் துடைச்சுக் கொக்கியில மாட்டினாங்க. எந்தக் கப்பு எந்தக் கொக்கின்னு அவங்களுக்குத்தான் தெரியுது. அப்புறம் என் மகள் காபி கொடுத்தா. எதுல? பால்கனியில வாஷிங் மெஷினுக்குப் பின்னால கவுத்து வச்சிருந்த ஒரு எவர்சில்வர் டம்ளர்ல. அந்த அம்மா அங்கேயே நின்னு குடிச்சு, அவங்களே கழுவி, அங்கேயே கவுத்துட்டுப் போனாங்க.

பதினாறு கப்பு தொங்குது. பதினாறையும் கழுவின கை அது.

மாப்பிள்ளைகிட்ட மெதுவாக் கேட்டேன். "அவங்களுக்கே அதுதான் வசதி மாமா. நாங்க ஒண்ணும் நினைக்கறதில்ல. இங்க எல்லா வீட்டுலயும் அப்படித்தான்"ன்னார். சுத்தத்துக்காகன்னும் ஒரு வார்த்தை சொன்னார். கழுவுறதே அவங்க, அதுல என்ன சுத்தக் குறைச்சல்? அதுக்குப் பதில் இல்ல. நானும் மேல பேசல. பேச எனக்கு யோக்கியதை இருக்கான்னு யோசனை வந்துடுச்சு.

ஏன்னா "அவங்களுக்கே அதுதான் வசதி"ங்கிற இதே வார்த்தையை எங்க அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். கூரை வீடு எங்களுது. தாழ்வாரத்துல எரவாணத்துல ஒரு அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். காட்டு வேலைக்குக் காலனியில இருந்து வர்றவங்க அதை அவங்களே எடுத்து, கழுவி, கீழ வைப்பாங்க. எங்க அம்மா உசரத்துல இருந்து ஊத்துவாங்க. அதுக்கு முன்னால தேங்காய்ச் சிரட்டைதான், டம்ளர் வந்ததே முன்னேற்றம்னு பாட்டி சொல்லும். எனக்குப் பத்து வயசு. அந்த டம்ளரைத் தொட்டா கை கழுவணும்னு யாரும் எனக்குச் சொல்லித் தரல, தானாவே தெரிஞ்சிருந்தது. எங்க ஊர் டீக்கடையிலயும் ரெண்டு வகை கிளாஸ் இருந்தது.

கடையில உக்காந்து காபி குடிக்கிறதுங்கிறது நம்ம நாட்டுல லேசா வந்த உரிமை இல்லீங்க. சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே பலகையில இருந்த 'பிராமணாள்'ங்கிற ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்லி 1957-ல பெரியார் கட்சிக்காரங்க தினம் போய் மறியல் பண்ணி ஜெயிலுக்குப் போனாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னால, 1955-லயே, தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தாச்சு. ஓட்டல்ல உள்ள விடமாட்டேன்னாலும், அங்க எல்லாருக்கும் வச்சிருக்கிற பாத்திரத்தைத் தொடாதேன்னாலும் குத்தம்னு அதுல எழுதியிருக்கு. இன்னைக்கு யாரும் யார் பக்கத்துலயும் உக்காந்து காபி குடிக்கலாம்னா, அதுக்குப் பின்னால இத்தனை பேர் பட்ட பாடு இருக்கு.

அந்தக் காபிக்கடையைத்தான் இப்ப நீங்க வீட்டுக்குள்ள கொண்டு வர்றீங்க. சட்டம் கடை வாசல் வரைக்கும் வரும், உங்க பால்கனிக்கு வராது. 'ஏற்காட்டுத் தோட்டம்'னு பாக்கெட்டுல போட்டிருந்தா ரெண்டு மடங்கு காசு கொடுக்கறீங்க, சந்தோஷம். எங்க கல்வராயன் மலைக்கு மேற்கே ஆத்தூர் தாண்டினா சேர்வராயன் மலை. 1820 வாக்குல சேலம் கலெக்டர் காக்பர்ன் அங்க காபி வச்சாருன்னு சொல்வாங்க. கொட்டை எந்தத் தோட்டம், எத்தனை அடி உசரம், எப்ப வறுத்ததுன்னு என் மாப்பிள்ளைக்கு மனப்பாடம். அந்தம்மாவுக்கு எந்த ஊருன்னு நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ரெண்டு வருஷமா வர்றாங்களாம்.

கிராமத்தான் வந்து நகரத்துக்குப் புத்தி சொல்றான்னு நினைக்காதீங்க. கிராமம் திருந்திடுச்சுன்னு நான் சொல்லவே இல்ல. எங்க வீட்டு எரவாணத்து டம்ளர் எப்படிப் போச்சு தெரியுமா? நாங்க மனசு மாறித் தூக்கிப் போடல. காலனிப் பிள்ளைங்க திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. காட்டு வேலைக்கு ஆள் கிடைக்கல. வந்தவங்களும் அந்த டம்ளரைத் தொட மாட்டேன்னுட்டாங்க. அப்பா ஒரு வாரம் முறைச்சுப் பார்த்தார், களை மண்டிப்போச்சு, அடங்கிட்டார். அப்புறம் பேப்பர் கப்பு வந்தது. எங்க ஊருக்கு அது எவ்வளவு பெரிய வசதின்னு உங்களுக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே கப்பு, குடிச்சதும் தூக்கிப் போட்டுடலாம், யாரும் எதையும் கேட்க முடியாது. இத்தனை வருஷமா நானும் கேன்ல டீ வாங்கிப் போய், பேப்பர் கப்புல ஊத்திக் கொடுத்துட்டு, நான் ரொம்ப சமத்துவம் பார்க்கிறவன்னு நினைச்சுட்டு இருந்தேன். காட்டுல பேப்பர் கப்பு. அவங்களே வீட்டுக்குக் கூலி வாங்க வந்தா? ஒரு வாய் காபி கொடுத்ததில்ல. கேட்டுக்குள்ள வந்து நிப்பாங்க, காசை வாங்கிட்டுப் போயிடுவாங்க. கப்பு பிரச்சினையே எழாது.

ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு மகள்கிட்ட மட்டும் சொன்னேன். "பாப்பா, அந்த டம்ளரை எடுத்துடு"ன்னு. "நம்ம வீட்டுல மட்டும் என்னவாம்"னு கேட்டா. சரியான கேள்விதான்.

நேத்து போன் பண்ணினா. கொக்கியில இருந்த கப்புல ஊத்திக் கொடுத்தாளாம். அந்தம்மா, உடைஞ்சுட்டா என்ன பண்றதுன்னு பயந்து முதல்ல வாங்கலையாம். அப்புறம் வாங்கி நின்னுக்கிட்டே குடிச்சாங்களாம். மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையாம், அன்னைக்கு அவர் காபி குடிக்கலையாம். வயிறு சரியில்லன்னாராம்.

இங்க நாளைக்கு மரவள்ளிக் கிழங்கு புடுங்க ஏழு பேர் வர்றாங்க. சேகோ ஆலைக்கு வண்டி சாயந்தரம் வந்துடும், இருட்டுறதுக்குள்ள வேலை முடிஞ்சு கூலி கொடுக்கணும். பேப்பர் கப்பு வாங்கிட்டு வரவான்னு வீட்டுல கேட்டாங்க. வேணாம், எல்லாரும் திண்ணையில உக்காரட்டும், காபி போடுன்னேன். ஒரு நிமிஷம் என் மூஞ்சியையே பார்த்துட்டு உள்ள போனாங்க. பரண்மேல கல்யாணத்துக்கு வந்த பித்தளை டம்ளர் கிடக்குது, இறக்கிப் புளி போட்டுத் தேய்ச்சுட்டு இருக்கேன். எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒம்பது வேணும். அஞ்சுதான் இருக்கு.