ஓ கிரேடு வாங்கியவருக்கு ஒரு சின்ன கேள்வி

கம்பைலர் டிசைன் பேப்பரில் ஓ கிரேடு வாங்கியவரா நீங்க? வாழ்த்துகள். ஒரு சின்ன கேள்வி மட்டும் கேட்டுக்கிறேன்.

சி-யில் ஒரு ஃபங்ஷன். ஏ என்று ஒரு இன்ட் உள்ளே வருகிறது. முதல் வரியில் ஒரு அசர்ட்: ஏ + 100 > ஏ. அடுத்த வரியில் ஏ + 100-ஐ பிரின்ட் செய்கிறோம். அவ்வளவுதான் ப்ரோக்ராம். 32 பிட் இன்ட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணான 2147483647-ஐ ஏ-வுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

"ஓவர்ஃப்ளோ ஆகி மைனஸுக்குப் போயிடும், அசர்ட் ஃபெயில் ஆகும், ப்ரோக்ராம் நின்னுடும்" என்பதுதானே உங்க பதில்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஜிசிசி-யில் ஆப்டிமைசேஷன் போட்டு ஓட்டிப் பாருங்க. அசர்ட் வாயே திறக்காது. அடுத்த வரியில் -2147483549 என்று சாதாரணமாக பிரின்ட் ஆகும். 100 கூட்டினால் எண் பெரிதாகத்தான் ஆகும் என்று ஒரு வரியில் ஒப்புக்கொண்டு, அடுத்த வரியில் அதே கூட்டலுக்கு மைனஸில் விடை கொடுக்கிறது.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. 2007 ஜனவரியில் ஜிசிசி-யின் பக் பட்டியலில் 30475 என்ற எண்ணில் ஒருவர் பதிவு செய்த புகார் இது. நேரம் கிடைத்தால் முழுசா படிங்க, ஒரு சினிமா பார்த்த மாதிரி இருக்கும். புகார் கொடுத்தவர் கொதிக்கிறார்: பாதுகாப்புக்காக எழுதிய செக்கையே நீங்க அழிச்சுட்டீங்க, ஏற்கனவே எழுதிவைத்த கோடு எல்லாம் என்ன ஆவது? ஜிசிசி டெவலப்பர்கள் தரப்பு அசையவில்லை. சைன்டு இன்டிஜர் ஓவர்ஃப்ளோ ஆனால் என்ன நடக்கும் என்று சி ஸ்டாண்டர்ட் எதையும் உறுதி சொல்லவில்லை, அது அன்டிஃபைன்ட். வேண்டுமென்றால் எஃப்-ராப்-வி என்ற ஃப்ளாக் போட்டுக்கொள்ளுங்க, இல்லை செக்கை வேறு மாதிரி எழுதுங்க. கடைசியில் புகார் செல்லாது என்று மூடிவிட்டார்கள்.

மூடியதால் விஷயம் முடிந்துவிடவில்லை. அடுத்த வருஷமே, 2008-ல், அமெரிக்காவின் செர்ட் அமைப்பு இந்த மாதிரி செக்குகளை கம்பைலர் சத்தமில்லாமல் நீக்கிவிடலாம் என்று எச்சரிக்கை வெளியிட்டது. 2009-ல் லினக்ஸ் கெர்னலிலேயே வெடித்தது. டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் ஒரு பாயின்டரை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் அது நல்-ஆ என்று செக் செய்திருந்தார்கள். கம்பைலர் யோசித்த விதம் இது: மேல் வரியிலேயே பயன்படுத்தியாச்சு, அப்போ அது நல்-ஆக இருக்க முடியாது, கீழே உள்ள செக் வேஸ்ட். நீக்கியாச்சு. அந்த ஓட்டை வழியாக சாதாரண யூசர் ஒருவர் ரூட் ஆக முடிந்தது. எழுதியவர் வரிகளை மாற்றிப் போட்டது தப்புதான். ஆனால் அந்தத் தப்பை ஆபத்தாக ஆக்கியது கம்பைலரின் கெட்டிக்காரத்தனம். அதற்கப்புறம் அந்த நீக்கலை நிறுத்தும் ஃப்ளாக்கைப் போட்டுத்தான் கெர்னலை கம்பைல் செய்கிறார்கள்.

முதல் தடவை 30475-ஐப் படித்தபோது நான் முழுக்க முழுக்க புகார்தாரர் கட்சி. நூறு பேர் எழுதிய கோடை உடைத்துவிட்டு, ஸ்டாண்டர்டில் இப்படித்தான் இருக்கு என்பது ஆபீஸில் கேட்கிற "சார், ரூல் அப்படி" மாதிரி இருந்தது. இப்போது பாதிக் கட்சி மாறிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஐ பூஜ்யத்தில் தொடங்கி, ஐ <= என் வரை ஒரு ஃபார் லூப். இது எத்தனை தடவை ஓடும்? "என் + 1" என்பீங்க. என் 2147483647 ஆக இருந்து, ஓவர்ஃப்ளோவில் எண் சுற்றி மைனஸுக்குப் போகும் என்று ஸ்டாண்டர்ட் சொல்லியிருந்தால், அந்த லூப் முடியவே முடியாது. அந்த ஒரு வாய்ப்புக்காக, சாதாரண லூப்பைக்கூட எத்தனை தடவை ஓடும் என்று கம்பைலர் உறுதியாகக் கணக்கிட முடியாமல் போகும். கணக்கிட முடியாவிட்டால் வெக்டரைஸ் செய்வது உட்பட பல வேலைகளில் கை கட்டிவிடும். ஓவர்ஃப்ளோ நடக்காது என்று வைத்துக்கொள்வதால்தான் உங்க மேட்ரிக்ஸ் ப்ரோக்ராம் வேகமாக ஓடுகிறது. அந்த வேகத்தை நாம யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"சரி, நீக்கும்போது ஒரு வார்னிங்காவது கொடுக்கலாமே?" நானும் கேட்டேன். கம்பைலருக்குள்ளே 'மனிதர் எழுதிய பாதுகாப்பு செக்கை அழி' என்று யாரும் ஒரு ஃபங்ஷன் எழுதி வைக்கவில்லை. மேக்ரோ விரிந்து, ஃபங்ஷன் இன்லைன் ஆகி, டெம்ப்ளேட் பெருகி, ஒரே நல் செக் பத்து தடவை குவிந்து கிடக்கும். அந்தக் குப்பையை அள்ளுகிற அதே துடைப்பம்தான் நீங்க யோசித்து எழுதிய ஒரு வரியையும் அள்ளிவிடுகிறது. எது குப்பை, எது நீங்க எழுதியது என்று அந்தக் கட்டத்தில் பார்த்துப் பிரிப்பது லேசு இல்லை. ஒவ்வொரு நீக்கலுக்கும் வார்னிங் என்றால் ஸ்கிரீன் நிரம்பி வழியும், யாரும் படிக்க மாட்டோம்.

இதுவரை யூசருக்கும் டெவலப்பருக்கும் நடந்த சண்டை. எனக்கு இதைவிடப் பிடித்தது, கம்பைலர் எழுதுகிறவர்களுக்குள்ளேயே நடந்த இன்னொன்று. அது எல்எல்விஎம்-இல். க்ளாங், ரஸ்ட், ஸ்விஃப்ட் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதுதான்.

எல்எல்விஎம்-இன் இடைநிலை மொழியில் பாய்சன் என்று ஒரு மதிப்பு உண்டு. நடக்காது என்று வாக்குக் கொடுத்த ஒரு கூட்டல் ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டால் விடையாக பாய்சன் கிடைக்கும். பாட்டிலில் இருக்கிற விஷம் மாதிரி, சும்மா இருந்தால் ஆபத்தில்லை. அதனால் ஒரு கூட்டலை லூப்புக்கு வெளியே தைரியமாக நகர்த்தலாம். விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் ஒன்றும் கெடாது. நல்ல ஐடியா. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. ஒரு இஃப்-இன் கண்டிஷனே பாய்சன் ஆனால்? ரெண்டு பதில் சாத்தியம். ஒன்று, ஏதாவது ஒரு பக்கம் போ, பரவாயில்லை. இன்னொன்று, அங்கேயே ப்ரோக்ராம் மொத்தமும் அன்டிஃபைன்ட்.

லூப் அன்ஸ்விட்சிங் என்ற பாஸைப் பாருங்க. லூப்புக்குள் ஒரு இஃப் இருக்கிறது, அதன் கண்டிஷன் லூப் ஓடும்போது மாறாது. அதை வெளியே எடுத்து, லூப்பை ரெண்டு காப்பியாக்கி, ஒவ்வொரு பக்கமும் ஒன்று வைக்கும். இப்போது லூப் ஒரு தடவைகூட ஓடாத கேஸை யோசியுங்க. பழைய ப்ரோக்ராமில் அந்த இஃப் கேட்கப்படவே இல்லை. புதியதில் முதலிலேயே கேட்கப்படுகிறது. கண்டிஷன் பாய்சன் என்றால், ரெண்டாவது பதிலின்படி ஒரு பாவமும் அறியாத ப்ரோக்ராம் நாசம். ஆக இந்த பாஸ் சரியாக இருக்க முதல் பதில் வேண்டும்.

அடுத்து ஜிவிஎன் என்ற பாஸ். எக்ஸ் == ஒய் என்று ஒரு இஃப் இருந்தால், அதற்குள் எக்ஸ் வருகிற இடத்தில் ஒய்-யை வைக்கும். ரெண்டும் சமம்தானே, என்ன தப்பு? ஒய் பாய்சன் என்று வையுங்க. அப்போது கண்டிஷனும் பாய்சன். முதல் பதிலின்படி இஃப்-க்குள்ளே நுழையலாம். நுழைந்ததும், நல்லா இருந்த எக்ஸ்-ஐ எடுத்துவிட்டு விஷத்தை ஊற்றியாச்சு. ஆக இந்த பாஸ் சரியாக இருக்க ரெண்டாவது பதில் வேண்டும்.

ரெண்டும் எல்எல்விஎம்-இல் இருந்தன, ரெண்டும் ஓடின. தனித்தனியாகப் பார்த்தால் ரெண்டு பேரும் யோக்கியர்கள். ஒரே ப்ரோக்ராம் மேல் அடுத்தடுத்து ஓடினால் தப்பான விடை வரலாம். இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டி, ஃப்ரீஸ் என்று ஒரு புது இன்ஸ்ட்ரக்ஷனைச் சேர்க்கலாம் என்று ஒரு ஆய்வுக்குழு 2017-ல் கட்டுரை எழுதியது. பாய்சனைப் பிடித்து ஏதோ ஒரு சாதாரண மதிப்பாக உறைய வைப்பது அதன் வேலை. அன்ஸ்விட்சிங் தன் கண்டிஷனை உறைய வைத்துவிட்டு வெளியே எடுக்கட்டும், ரெண்டாவது பதிலை எல்லாரும் ஏற்றுக்கொள்வோம் என்பது தீர்வு.

கேட்க சிம்பிள். ஆனால் ஃப்ரீஸ் எல்எல்விஎம் 10-க்குள் வந்தது 2020-ல். மூணு வருஷம் ஏன்? புது இன்ஸ்ட்ரக்ஷன் ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்தால், அதைத் தெரியாத பழைய பாஸ்கள் எல்லாம் அங்கே திகைத்து நின்றுவிடும். நேற்றுவரை வேகமாக ஓடிய கோடு இன்று மெதுவாகும். ஒவ்வொரு பாஸுக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். சரியான விடையா, வேகமா என்ற இழுபறி அங்கேயும்தான்.

இது ஏதோ அபூர்வமான விபத்து என்று நினைக்காதீங்க. 2015-ல் அலைவ் என்ற கருவியை உருவாக்கியவர்கள் எல்எல்விஎம்-இன் 300-க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஆப்டிமைசேஷன்களைக் கணித ரீதியாகச் சரிபார்த்தார்கள். அதில் 8 தப்பு. உலகமே நம்பிப் பயன்படுத்துகிற கம்பைலரில்.

இப்போ நம்ம பேப்பருக்கு வருவோம். எஸ்எல்ஆர், எல்ஏஎல்ஆர் டேபிள் போட்டுக் கைவலி வாங்குகிறோம், 13 மார்க். லேபில் வவல் எண்ணும் லெக்ஸ் ப்ரோக்ராம். ஜிசிசி தன் சி++ பார்சரை யாக் வழியிலிருந்து கையால் எழுதிய பார்சருக்கு மாற்றியது 2004-ல், சி பார்சரை 2006-ல். க்ளாங் ஆரம்பத்திலிருந்தே கையால் எழுதியதுதான். இதற்காக எல்ஏஎல்ஆர் வேஸ்ட் என்று சொல்லவில்லை; போஸ்ட்கிரெஸ் இன்னமும் பைசன் வைத்துத்தான் எஸ்க்யூஎல்-ஐப் படிக்கிறது. என் கோபம் வேறு. இலக்கணத்தைப் படித்து முடிக்கிற இடத்தில் நம்ம பாடம் பெரும்பாலும் களைத்துவிடுகிறது. மேலே சொன்ன சண்டைகள் எல்லாம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கின்றன. ஒரு ப்ரோக்ராமுக்கு என்ன அர்த்தம், அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி ஒரு 2 மார்க்கில்கூட வருவதில்லை. கம்பைலர் என்றால் எப்பவோ எழுதி முடித்து மூடிய புத்தகம் என்ற நினைப்போடு வெளியே வருகிறோம்.

அதனால் லேபில் ஒரு வாரத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன். ஒரு கம்பைலரை சோர்ஸிலிருந்து பில்ட் செய்வோம். ஒரு எச்சரிக்கை: எல்எல்விஎம்-ஐ டீபக் பில்டாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீங்க. லிங்க் செய்கிற கட்டத்தில் மெமரியைக் குடித்து 8 ஜிபி லேப்டாப் உறைந்துவிடும், எனக்கு ஆனது. ரிலீஸ் பில்ட் போதும். டார்கெட்டில் எக்ஸ்86 மட்டும் வையுங்க, ஒரு நேரத்தில் ஒரு லிங்க் வேலைதான் என்று சிமேக்கில் கட்டுப்படுத்துங்க. ஜிசிசி என்றால் சோர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே பில்ட் செய்யாமல் தனி ஃபோல்டர் போடுங்க. அங்கே ஒரு அழகான விஷயம் நடக்கும்: உங்க மெஷினில் இருக்கும் பழைய கம்பைலர் புது ஜிசிசி-யை உருவாக்கும். அது தன்னையே ஒரு தடவை கம்பைல் செய்யும். அப்படி வந்தது மறுபடியும் தன்னையே கம்பைல் செய்யும். கடைசி ரெண்டின் ஆப்ஜெக்ட் ஃபைல்களும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் பில்ட் நின்றுவிடும். கம்பைலர் எழுதுகிறவர்கள் தங்கள் கம்பைலரை எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பது அந்த ஒரு ஸ்டெப்பிலேயே தெரியும்.

அதுக்கும் நேரமில்லை என்றால் ஐந்து நிமிஷ வேலை ஒன்று. எஃப்-சானிடைஸ் என்ற ஃப்ளாக்கில் அன்டிஃபைன்ட் என்று கொடுத்து, நீங்க எழுதிய பழைய சி ப்ரோக்ராம்களைத் திரும்ப ஓட்டுங்க. ஜிசிசி, க்ளாங் ரெண்டிலும் உண்டு. நான் என் ரெண்டாம் வருஷ டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபை ஓட்டினேன். ஹாஷ் டேபிள் ப்ரோக்ராமில், ஒவ்வொரு எழுத்துக்கும் 31-ஆல் பெருக்கிக்கொண்டே போகும் அந்த வரியில், சைன்டு இன்டிஜர் ஓவர்ஃப்ளோ என்று சிவப்பில் வந்தது. இன்ட்டை அன்சைன்டு ஆக மாற்றினால் சரியாகிவிடும், ஒரு வார்த்தை. ஆனால் அந்த ரெக்கார்டில் மார்க் போட்டு, கையெழுத்து வாங்கி, சப்மிட்டும் பண்ணியாச்சு.