ஆய்வுக்குப் பணம், அரங்கேற்றத்துக்கு?

திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-இல் நிறுவப்பட்டது. அன்றைய சித்தூர் மாவட்டத்துக்கு 2015-இல் ஐஐடியும் வந்தது. அதன் வளாகம் ஏர்ப்பேடு அருகே உள்ளது. இரண்டிலும் கணினி அறிவியல் ஆய்வு நடைபெறுகிறது. ஆனால், வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை ஏற்கப்படும்போது, மாணவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதே பெரும்பாலும் அவரது பயணத்தைத் தீர்மானிக்கிறது.

பிற அறிவியல் துறைகளில் ஆய்விதழ்களே பிரதானம். கணினி அறிவியலிலோ முன்னணி மாநாடுகளே முதன்மையான வெளியீட்டுக் களம். கட்டுரை ஏற்கப்பட்டால், அதன் ஆசிரியர்களில் ஒருவரேனும் கட்டணம் செலுத்தி, அதனை முன்வைக்க வேண்டும் என்பது பொது விதி. எனவே, இப்பயணம் உல்லாசம் அல்ல. ஆய்வின் இறுதிக் கட்டம்.

ஐஐடி, ஐஐஎஸ்சி போன்றவற்றை மையமாகக் கொண்டு 2018-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில், மாத உதவித்தொகையுடன் ஆண்டுக்கு ரூ.2 லட்சம் ஆய்வு மானியமும் அறிவிக்கப்பட்டது. யுஜிசி இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் ரூ.37,000. ஆனால், அறிவியல் பிரிவில் அவருக்கான இதரச் செலவு மானியம் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ரூ.12,000 மட்டுமே. அதில் ஐரோப்பாவுக்கு ஒருவழி விமானக் கட்டணம்கூடத் தேறுவது அரிது. அந்த உதவித்தொகையும் இல்லாத மாநிலப் பல்கலைக்கழக மாணவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மத்திய அரசின் பயண உதவித் திட்டம் இல்லாமல் இல்லை. ஆனால், செலவழித்துத் திரும்பி, ரசீதுகளைச் சமர்ப்பித்த பின்னரே பணம் என்பது பல உதவிகளின் நடைமுறை. விசாவுக்குச் சென்னைக்கோ ஹைதராபாதுக்கோ அலைவது முதல் விமானச் சீட்டு வரை, முதலில் கைப்பணம் வேண்டும். கடன் வாங்க வசதியுள்ளவருக்கே கிடைக்கும் உதவி, உதவி ஆகுமா?

2020-இல் கரோனா காலத்தில் மாநாடுகள் இணையவழி நடந்தனவே, அதுவே போதாதா என்ற கேள்வி எழலாம். கட்டுரையைப் படிக்க அது போதும். ஆனால், துறை வல்லுநர்களிடம் நேரில் குறை கேட்கவும், அடுத்த ஆய்வுக்குக் கூட்டாளிகளைத் தேடவும் அது ஈடாகாது. பெரிய நிறுவனத்தின் பெயர் பின்னணியில் இல்லாத மாணவருக்கே அந்த அறிமுகம் அதிகம் தேவை.

2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கு, ஐந்து ஆண்டுகளில் ரூ.50,000 கோடி திரட்டுவது இலக்கு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆய்வை வளர்ப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அந்த நோக்கம் மெய்ப்பட, முன்னணி மாநாட்டின் ஏற்புக் கடிதத்தையே தகுதியாகக் கொண்டு, பதிவுக்கான கெடு முடியும் முன் முன்பணம் வழங்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு உரிய பங்கையும் ஒதுக்க வேண்டும்.

கட்டுரையைத் தேர்வு செய்யும் நடுவர்கள் தரத்தைப் பார்த்தே ஏற்கின்றனர். பயணத்துக்கு உதவும் தில்லியும் அவ்வாறே பார்க்கட்டும்.